திறப்பு யாருடைய கையில்?

யாழ்ப்பாணத்தவர்களான நாம் அதனைத் திறப்பு என்றே சொல்லிப் பழகியவர்கள். தமிழகத்தவர் சாவி என்பார்கள். சாவி என்பது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தையே தமதாக்கிக்கொண்ட போர்த்துக்கேயர் அலுமாரியையும் அலவாங்கையும் எமது வீடுகளுக்குள் விட்டுச்சென்றார்கள். ஆனால், திறப்பை மாத்திரம் அவர்களால் எம்மிடமிருந்து பறிக்க முடியவில்லை. ஒரு கருவியை அதன் வடிவத்தைக் கொண்டு அழைக்காமல், அது செய்யும் வேலையைக் கொண்டு அழைப்பதில் ஒரு வசதி இருக்கின்றது. வடிவம் மாறினாலும் பெயர் பொய்யாகிவிடுவதில்லை. இன்று மோட்டார் வாகனங்களின் திறப்புகளுக்கு நேர்ந்திருப்பது அதுதான். பல்லும் இல்லை, தண்டும் இல்லை, நுழைப்பதற்குத் துளையும் இல்லை. சில வாகனங்களில் கையில் பிடிப்பதற்கென்று ஒரு பொருளே இல்லை. ஆனாலும் திறப்பு இருக்கின்றது.

இதைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணத்தை இரண்டு தொலைபேசி அழைப்புகள் ஏற்படுத்தின. ஒன்று கொழும்பிலிருந்து வந்தது. ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்த பின்னர், ஜப்பானில் பாவித்த ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கியிருந்தார். வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகில் அதனை நிறுத்திவிட்டு மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பியவருக்குக் கதவு திறக்கவில்லை. "அண்ணை, திறப்பு என்ரை கையிலதான் இருக்கு. ஆனா கார் என்னை ஆரெண்டு தெரியாத மாதிரி நிக்குது" என்றார். மற்றைய அழைப்பு ரொறன்ரோவில் வசிக்கும் எனது மருமகனிடமிருந்து வந்தது. "மாமா, விடிய எழும்பிப் பார்த்தால் வாசலிலை கார் இல்லை. திறப்பு ரெண்டும் வீட்டுக்குள்ளைதான் கிடக்குது" என்றார்.

திறப்பைக் கையில் வைத்திருந்த ஒருவருக்குக் கார் திறக்கவில்லை. திறப்பைக் கைவிடாத இன்னொருவரின் காரை வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அப்படியானால் திறப்பு என்பது உண்மையில் எங்கே இருக்கின்றது? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு அது கடந்துவந்த பாதையைச் சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கின்றது.

ஆரம்பகால மோட்டார் கார்களுக்குத் திறப்பே இருக்கவில்லை. முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே இயந்திரத்தை உயிர்ப்பிக்கவேண்டும். கைப்பிடி திடீரெனத் திருப்பி அடித்ததில் கை முறிந்தவர்கள் பலர். 1911 இல் சார்ல்ஸ் கெற்றரிங் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் மின்சாரத்தால் இயங்கும் தொடக்கியை உருவாக்கினார். அடுத்த ஆண்டின் கடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. மின்சுற்றைப் பூட்டுவதற்கென்று திறப்பு வந்தபோதும், அது மின்சாரத்தை அனுமதிக்கும் ஆளியாகவே நெடுங்காலம் இருந்தது. இயந்திரத்தைத் தொடக்குவதற்கு வேறு ஒரு குமிழை இழுக்கவோ அழுத்தவோ வேண்டியிருந்தது. திறப்பைத் திருப்பினாலே இயந்திரம் தொடங்கும் முறையை 1949 இல் கிறைஸ்லர் நிறுவனம் அறிமுகம் செய்தது.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் எமது அலுவலகத்தில் ஒரு பழைய மொறிஸ் மைனர் இருந்தது. திறப்பைத் திருப்பிவிட்டுக் குமிழை இழுத்தால்தான் அது இருமிக்கொண்டு எழும்பும். பூட்டு தேய்ந்துபோயிருந்தபடியால், அலுமாரித் திறப்புக்குக்கூட அது இணங்கும் என்று அலுவலகத்தில் பகிடி பண்ணுவார்கள். கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த சாரதி அண்ணர் அதன் திறப்பை ஒரு கறுப்பு நூலில் கட்டி இடுப்பில் செருகியிருப்பார். "இந்தத் திறப்பு ஒரு மரியாதைக்குத்தான் தம்பி. காருக்குக் காவல் நான்தான்" என்பது அவரது வாக்கு. அவர் கூறியதில் பொறியியல் ரீதியாகவும் உண்மை இருந்தது. வெறும் உலோகத் திறப்பு என்பது சில வெட்டுகளின் வரிசை மாத்திரமே. அந்த வெட்டுகளை இன்னோர் உலோகத் துண்டில் பிரதி செய்யச் சந்தியில் இருக்கும் திறப்பு வெட்டுபவருக்குச் சில நிமிடங்கள் போதும். பிரதி செய்யத் தெரியாத திருடன் இரண்டு கம்பிகளை இழுத்து முடிந்துவிட்டுப் போய்விடுவான்.

1990 இல் பொருளாதாரத் தடை வந்த பின்னர் யாழ்ப்பாணத்தில் மோட்டார் வாகனத்தின் திறப்பு அர்த்தமற்றதாகிப்போனது. ஒஸ்ரின் ஏ-40 களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்குவதற்கு மாத்திரம் சில துளி பெற்றோல் வேண்டும். அந்தத் துளிகளைச் சிறிய மருந்துப் போத்தலில் பொன்போலப் பாதுகாத்தவர்களை நான் கண்டிருக்கின்றேன். அக்காலத்தில் காரின் உண்மையான திறப்பு அந்தப் போத்தல்தான். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, கொட்டில்களில் கார்களை விட்டுவிட்டுத் திறப்புகளை மாத்திரம் வீட்டுத் திறப்புகளுடன் சேர்த்து மடியில் முடிந்துகொண்டு போனவர்கள் இருந்தார்கள். திரும்பி வருவோம் என்பதற்கு அவர்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தத் திறப்புக் கோர்வைதான். ஒரு திறப்பு பூட்டைத் திறக்கின்றதோ இல்லையோ, 'இது என்னுடையது' என்ற உரிமையை அது கையில் ஒப்படைக்கின்றது. அந்த உரிமையே இன்று கேள்விக்குள்ளாகியிருக்கின்றது என்பதால்தான் இதனை இங்கே குறிப்பிடுகின்றேன்.

உலகின் வேறு பகுதிகளில் 1980 களிலேயே திறப்பு இலத்திரனியல் மயமாகத் தொடங்கிவிட்டது. 1982 இல் பிரான்ஸின் றெனோ நிறுவனம் தனது ஃபுவேகோ காரில், தூரத்தில் நின்றே கதவைத் திறக்கும் சிறிய கருவியை வழங்கியது. அதனை உருவாக்கிய போல் லிப்ஷுற்ஸின் பெயரின் எழுத்துக்களைக் கொண்டு பிரெஞ்சுக்காரர் அதற்குப் 'பிலிப்' என்று பெயர் வைத்தார்கள். 1986 இல் அமெரிக்காவின் கோர்வெற் காரின் திறப்பில் ஒரு சிறிய மின்தடை பதிக்கப்பட்டது. வெட்டுகள் பொருந்தினாலும், அந்தத் தடையின் அளவும் பொருந்தினால் மாத்திரமே இயந்திரம் தொடங்கும். ஆனால், 15 வகையான தடை அளவுகளே இருந்தன. பொறுமையுள்ள திருடனுக்குப் பதினைந்து என்பது பெரிய இலக்கமல்ல.

உண்மையான திருப்பம் 1990 களில் வந்தது. திறப்பின் பிளாஸ்ரிக் தலைக்குள் ஒரு நெல்மணியைவிடச் சற்றுப் பெரிதான சில்லு பதிக்கப்பட்டது. அதற்கு மின்கலம் இல்லை. திறப்பைத் துளையில் நுழைத்தவுடன் பூட்டைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் அதற்குச் சக்தியை ஊட்டும். வாகனம் ஓர் எண்ணைக் கேள்வியாக அனுப்பும். சில்லு தனக்குள் இருக்கும் இரகசிய எண்ணைக் கொண்டு கணித்து விடை அனுப்பும். விடை சரியென்றால் மாத்திரமே எரிபொருளும் தீப்பொறியும் அனுமதிக்கப்படும். இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர். இயந்திர முடக்கி என்று நாம் சொல்லலாம். கம்பிகளை இழுத்து முடிந்தாலும் வாகனம் அசையாது.

ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. கனடா 2007 செப்டெம்பர் 1 ஆம் திகதியிலிருந்து கட்டாயமாக்கியது. ஐக்கிய அமெரிக்கா அவ்வாறு செய்யவில்லை. அதன் விளைவைப் பின்னர் உலகமே கண்டது. 2011 இலிருந்து 2021 வரை அமெரிக்காவில் விற்பனையான கியா, ஹுண்டாய் கார்களின் மலிவு ரகங்கள் பலவற்றில் இயந்திர முடக்கி இருக்கவில்லை. திறப்புத் துளையின் மேலுறையைக் கழற்றிவிட்டு, ஒரு யு.எஸ்.பி. முனையைச் செருகித் திருப்பினாலே அவை தொடங்கின. 2022 இல் இதனைப் பதின்ம வயதினர் காணொளிகளாக எடுத்து ரிக்ரொக்கில் பரப்பினார்கள். 14 விபத்துகளும் 8 மரணங்களும் இத்துடன் தொடர்புபட்டிருப்பதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2023 பெப்ரவரியில் தெரிவித்தது. சுமார் 83 இலட்சம் வாகனங்களுக்கு மென்பொருள் திருத்தம் இலவசமாக வழங்கவேண்டி வந்தது. அதே ரகக் கார்கள் எல்லைக்கு அப்பால் கனடாவில் இந்த வழியில் களவுபோகவில்லை. சட்டம் கேட்டதால் அங்கே சில்லு இருந்தது. சட்டம் கேட்காததால் இங்கே இருக்கவில்லை. ஒரு சில்லின் விலையை மிச்சம் பிடித்ததில் எட்டு உயிர்கள் சம்பந்தப்பட்டுவிட்டன.

தொலைவிலிருந்து பொத்தானை அழுத்தித் திறக்கும் முறைக்கு வேறொரு பிரச்சினை இருந்தது. திறப்பு ஒவ்வொரு தடவையும் ஒரே சொல்லையே வானொலி அலையில் சொன்னால், அதனை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தவர் பிறகு திருப்பிச் சொல்லித் திறந்துவிடலாம். ஆகவே, ஒரு தடவை சொன்ன சொல்லை மறுபடி சொல்லாத முறை உருவாகியது. வாகனமும் திறப்பும் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் அழுத்தலுக்கும் அடுத்த எண்ணுக்கு நகர்ந்துவிடும். இவற்றுள் மிகவும் பரவலான கீலொக் என்ற முறை தென்னாபிரிக்காவில் பிறந்து, 1995 இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். 2015 இல் சாமி கம்கார் என்ற ஆய்வாளர், முதல் எண்ணை வாகனம் கேட்காதவாறு இரைச்சலால் மறைத்துத் தான் பதிவு செய்துகொள்ளும் சிறிய கருவி ஒன்றைக் காட்டினார். உரிமையாளர் இரண்டாம் தடவை அழுத்தும்போது, அதனையும் மறைத்துப் பிடித்துவிட்டு முதலாவதை வாகனத்துக்கு விடும். கதவு திறக்கும். உரிமையாளருக்கு ஐயம் வராது. பாவிக்கப்படாத இரண்டாவது எண் திருடன் கையில் இருக்கும். அதனைச் செய்ய அவருக்கு ஏற்பட்ட செலவு ஏறக்குறைய 32 டொலர்.

ஒரு பத்திரிகையாளன் என்ற முறையில் எனது கவனத்தை மிகவும் ஈர்த்த சம்பவம் வேறு. பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தையும் நெதர்லாந்தின் றட்பவுட் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், பல நிறுவனங்களின் கார்களில் பொருத்தப்பட்டிருந்த மெகமொஸ் என்ற சில்லின் இரகசியத்தை உடைத்திருந்தார்கள். சில்லைத் தயாரித்தவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தும் இருந்தார்கள். 2013 இல் அவர்கள் தமது ஆய்வுக் கட்டுரையை வெளியிடவிருந்தபோது, ஃபொக்ஸ்வாகன் நிறுவனம் இலண்டன் உயர்நீதிமன்றத்தை நாடித் தடையுத்தரவு பெற்றது. இரண்டு வருடங்கள் கழித்து, 2015 இல், கட்டுரை வெளிவந்தது. அதில் நீக்கப்பட்டிருந்தது ஒரேயொரு வசனம். அவசரகாலச் சட்டத்தின்கீழ் தணிக்கை அதிகாரியின் மேசைக்கு அச்சுப் பிரதிகளை அனுப்பி, நீக்கப்பட்ட பகுதிகளை வெற்றிடமாகவே விட்டு அச்சிட்ட பத்திரிகைகளில் வேலை செய்தவன் நான். பூட்டு பலவீனமானது என்ற செய்தியைப் பூட்டி வைப்பதால் பூட்டு பலமடைவதில்லை. அந்த இரண்டு வருடங்களில் இரகசியம் தெரியாமல் இருந்தவர்கள் கார்களின் சொந்தக்காரர்கள். திருடர்கள் ஆய்வுக் கட்டுரைக்காகக் காத்திருப்பவர்கள் அல்லர்.

இனி எனது மருமகனின் காருக்கு வருவோம். 1990 களின் இறுதியில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் பொத்தானைக்கூட அழுத்தத் தேவையில்லாத திறப்பை அறிமுகம் செய்தது. திறப்பு சட்டைப்பையிலேயே இருக்கலாம். கைபிடியைத் தொட்டதும் வாகனம் 125 கிலோ ஹேர்ட்ஸ் அளவிலான குறைந்த அதிர்வெண் அலையில் 'நீ அருகில் இருக்கிறாயா?' என்று கேட்கும். அந்த அலை ஓரிரண்டு மீற்றருக்கு மேல் போகாது. அதனைக் கேட்டு விழித்துக்கொள்ளும் திறப்பு, ஐரோப்பாவில் 433, வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 மெகா ஹேர்ட்ஸ் அலையில் விடை சொல்லும். கதவு திறக்கும். உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் தொடங்கும்.

இதில் ஓர் ஊகம் மறைந்திருக்கின்றது. கேள்வி கேட்கும் அளவுக்குத் திறப்பு அருகில் இருந்தால், சொந்தக்காரரும் அருகில்தான் இருப்பார் என்பதே அந்த ஊகம். 2011 இல் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 ரகக் கார்களைச் சோதித்துப் பார்த்தார்கள். பத்தும் ஏமாந்தன. முறை எளிது. ஒருவர் கார் அருகே நிற்பார். இன்னொருவர் வீட்டுக் கதவருகே நிற்பார். காரின் கேள்வியை முதலாமவரின் கருவி பிடித்து இரண்டாமவரின் கருவிக்கு அனுப்பும். சுவருக்கு அப்பால் மேசையில் கிடக்கும் திறப்பு, கார் தன் அருகில்தான் நிற்கின்றது என்று நம்பி விடை சொல்லும். எந்த இரகசிய எண்ணும் உடைக்கப்படவில்லை. இரண்டு ஊர்களில் இருப்பவர்களைத் தரகர் ஒருவர் பேசவைப்பதைப் போன்றதுதான் இது. கண்ணாடி உடைவதில்லை, சத்தமும் இல்லை.

கனடாவில் 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் 105,000 இற்கும் மேற்பட்ட வாகனங்கள் திருடப்பட்டன. அவற்றுள் பல கொள்கலன்களில் ஏற்றப்பட்டு மொன்றியல் துறைமுகம் வழியாகக் கடல் கடந்தன. நீதி அமைச்சருக்கு வழங்கப்பட்டிருந்த அரசாங்க வாகனமே ஒரு தடவைக்கு மேல் களவுபோனது. 2024 பெப்ரவரி 8 ஆம் திகதி ஒட்டாவாவில் இதற்கென்றே தேசிய மாநாடு கூட்டப்பட்டது. அதே காலப்பகுதியில் ரொறன்ரோவில் நடந்த பொதுமக்கள் கூட்டமொன்றில், வீட்டுக்குள் புகுந்து தாக்கப்படுவதைத் தவிர்ப்பதற்காகத் திறப்புகளை முன்கதவருகே வைத்துவிடுங்கள் என்று காவல்துறை உத்தியோகத்தர் ஒருவர் ஆலோசனை கூறியது உலகச் செய்தியாகியது. நகைப்புக்கிடமான ஆலோசனை என்று பலர் எழுதினார்கள். எனக்கு அது நகைப்பைத் தரவில்லை. திறப்பைத் தேடி வீட்டுக்குள் வருபவர்களின் கையில் ஆயுதம் இருந்த சம்பவங்கள் அந்நகரில் நிகழ்ந்திருந்தன. பூட்டு பலமடையும்போது திருடன் பூட்டை விட்டுவிட்டு மனிதனை நோக்கித் திரும்புகின்றான். 2024 இல் களவுகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது என்பது ஆறுதலான செய்தி.

மருமகன் வீட்டில் இப்போது திறப்புகள் இரவில் பிஸ்கற் தகரம் ஒன்றுக்குள் உறங்குகின்றன. உலோகத்தால் முழுமையாக மூடப்பட்ட பெட்டிக்குள் வெளியிலுள்ள மின்புலம் புகாது என்ற 19 ஆம் நூற்றாண்டின் விஞ்ஞானி மைக்கேல் பரடேயின் கண்டுபிடிப்பு, 21 ஆம் நூற்றாண்டின் காருக்குக் காவலாக நிற்கின்றது. எல்லாத் தகரங்களும் இறுக்கமாக மூடுவதில்லை. திறப்பைத் தகரத்தில் இட்டு மூடிக் காரருகே கொண்டுபோய்க் கதவைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. திறந்துவிட்டால் தகரத்தை மாற்றவேண்டும். அசையாமல் கிடக்கும்போது தானாகவே உறங்கிவிடும் திறப்புகளையும் சில நிறுவனங்கள் இப்போது வழங்குகின்றன.

ஆனால், தகரமும் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. 2022 இல் இலண்டனில் ஒருவரின் ரொயோட்டா றாவ்-4 கார் களவுபோனது. அவர் வாகன இலத்திரனியல் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர். திருடர்கள் முன்விளக்கின் அருகே பிரித்து, காருக்குள் இருக்கும் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கம்பியில் தமது கருவியை இணைத்து, 'திறப்பு சரிபார்க்கப்பட்டது' என்ற பொய்ச் செய்தியை அனுப்பியிருந்தார்கள் என்பதை 2023 இல் அவரும் சக பொறியியலாளர் ஒருவரும் வெளிப்படுத்தினார்கள். திறப்பு அங்கே விசாரிக்கப்படவே இல்லை. ஆகவேதான், சுக்கானில் பூட்டும் பழைய இரும்புத் தடி மீண்டும் சந்தைக்கு வந்திருக்கின்றது. அது அலையையும் கம்பியையும் நம்புவதில்லை.

திருட்டைவிட மோசமான ஆபத்தும் உண்டு. திறப்பைத் திருப்பி வெளியே எடுப்பது, இயந்திரம் நின்றுவிட்டது என்பதற்குக் கை அறிந்த சாட்சி. அந்தச் சாட்சி போனபின்னர், ஓசையே எழுப்பாத புதிய கார்களைக் கராஜுக்குள் ஓடவிட்டபடியே, திறப்பைப் பையில் வைத்துக்கொண்டு உறங்கச் சென்றவர்கள் அமெரிக்காவில் காபன் மொனொக்சைட்டு நச்சுவாயுவால் இறந்தார்கள். 2006 இலிருந்து இவ்வாறு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததாக 2018 இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை எழுதியது. அவர்களுள் பலர் வயோதிபர்கள். பழைய முறையில் குறையே இருக்கவில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் சில கார்களில் திறப்பு ஆளி தளர்வாக இருந்ததால், திறப்புக் கோர்வையின் பாரத்துக்கே அது ஓட்டத்தின் நடுவில் திரும்பி இயந்திரத்தை நிறுத்தியது. விபத்து நேர்ந்தபோது காற்றுப்பையும் விரியவில்லை. 2014 இல் அந்தக் கார்கள் திருப்பியழைக்கப்பட்டன. அந்தக் குறைபாட்டுடன் தொடர்புபட்டவை என்று நட்டஈட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

வெள்ளவத்தை நண்பரின் பிரச்சினை உயிராபத்தானதல்ல. அவரது திறப்புக்குள் இருந்த சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. இலங்கைத் தெருக்களில் ஓடும் அக்குவா, பிறியஸ், வெசல் போன்ற கார்கள் ஜப்பானியருக்கென்று செய்யப்பட்டவை. தொடக்கியதும் நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று ஜப்பானிய மொழியில் ஒரு பெண்குரல் சொல்லும். அது என்ன சொல்கின்றது என்று அறியாமலே எம்மவர் பல வருடங்களாக அவற்றை ஓட்டுகின்றார்கள். கைந்நூலும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். எனவே, அறியவேண்டிய இரண்டு விடயங்களை இங்கே எழுதிவிடுகின்றேன். முதலாவது, அந்தத் திறப்புக் கட்டையின் பக்கத்தில் இருக்கும் சிறிய நெம்பியை நகர்த்தினால் உள்ளே மறைந்திருக்கும் உலோகத் திறப்பு வெளியே வரும். சாரதிப் பக்கக் கதவை அதனால் திறக்கலாம். இரண்டாவது, மின்கலம் செத்திருந்தாலும் திறப்புக்குள் இருக்கும் பழைய சில்லு சாகவில்லை. அதற்கு மின்கலமே தேவையில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? ரொயோட்டா போன்ற கார்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டு, திறப்புக் கட்டையைத் தொடக்கும் பொத்தானுடன் ஒட்டிப் பிடித்தால், கார் அதனை அடையாளம் கண்டுவிடும். பிறகு பொத்தானை அழுத்தலாம். தொலைபேசியிலேயே இதனைச் சொல்லிக் கொடுத்தேன். "அட, இரும்புத் திறப்பு உள்ளுக்கை ஒளிச்சுக்கொண்டெல்லோ கிடந்திருக்கு!" என்று நண்பர் வியந்தார். பாவித்த கார்களுடன் சில வேளைகளில் ஒரே ஒரு திறப்புத்தான் வரும். அதுவும் தொலைந்தால் புதியதைக் காருக்கு அறிமுகப்படுத்துவதற்குப் பெருஞ்செலவாகும். ஒன்று கையில் இருக்கும்போதே இரண்டாவதைச் செய்துவைப்பது புத்தி.

இப்போது திறப்பு கைத்தொலைபேசிக்குள் குடிபுகத் தொடங்கிவிட்டது. 2017 இல் வந்த ரெஸ்லா மொடல்-3 கார், தொலைபேசியையும் ஓர் அட்டையையுமே திறப்பாகக் கொண்டது. 2020 இல் அப்பிள் நிறுவனம் பி.எம்.டபிள்யூ. கார்களுக்கான திறப்பை ஐபோனுக்குள் வைத்தது. அடுத்த வருடம் வந்த புதிய தரமுறை, அதியகலப் பட்டை வானொலியைப் பயன்படுத்துகின்றது. வானொலி அலை ஒரு நனோ செக்கனில் சுமார் 30 சென்ரிமீற்றர் பயணம் செய்யும். கேள்வி போய் விடை திரும்பும் நேரத்தை அந்த நுட்பத்துடன் அளந்தால், திறப்பு உண்மையில் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது என்பது தெரிந்துவிடும். நடுவில் நிற்கும் தரகர் செய்தியைக் கடத்தலாம். கடந்த தூரத்தை மறைக்க முடியாது. மருமகனின் காரைக் கொண்டுபோன முறைக்கு இதுவரை கிடைத்த உருப்படியான விடை இதுதான் என்பேன். மனைவிக்கோ பிள்ளைக்கோ ஒரு திறப்பைச் செய்தியாக அனுப்பிவிட்டுத் தேவையில்லாதபோது திருப்பிப் பெறலாம் என்பதும் நல்ல வசதிதான்.

ஆனால், வழங்கவும் திருப்பிப் பெறவும் முடிகின்ற ஒன்றை எமக்கு வழங்கியவரும் திருப்பிப் பெறலாம் அல்லவா? 2021 நவம்பரில் ரெஸ்லாவின் சேவைக் கணினிகள் சில மணித்தியாலங்கள் செயலிழந்தபோது, தொலைபேசியை மாத்திரம் நம்பியிருந்த சொந்தக்காரர்கள் பல நாடுகளில் தமது கார்களுக்கு வெளியே நின்றார்கள். அதே ஆண்டு டிசெம்பரில், திறப்பிலுள்ள பொத்தானைக் கொண்டு இயந்திரத்தைத் தூரத்திலிருந்து தொடக்கும் வசதி, இலவச காலம் முடிந்ததும் மாதச் சந்தாவைச் சார்ந்திருக்கும் என்பது அமெரிக்காவின் ரொயோட்டா வாடிக்கையாளர்களுக்குத் தெரியவந்தது. பொத்தான் அவர்களது கையில். அனுமதி நிறுவனத்தின் கையில். 2024 இல் சில ஆய்வாளர்கள் கியா நிறுவனத்தின் இணையச் சேவையில் இருந்த ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். காரின் இலக்கத் தகட்டை மாத்திரம் அறிந்துகொண்டு, அரை நிமிடத்துக்குள் எங்கோ இருந்தபடியே அதன் கதவைத் திறக்கவும் இயந்திரத்தைத் தொடக்கவும் அவர்களால் முடிந்தது. ஓட்டை அடைக்கப்பட்ட பின்னரே அதனை வெளியிட்டார்கள். சொந்தக்காரரின் திறப்பு எங்கே இருந்தது என்பது அங்கே ஒரு கேள்வியாகவே இருக்கவில்லை.

திறப்பு எங்கே இருக்கின்றது என்று முன்னர் கேட்டிருந்தேன். இரும்பாக இருந்தபோது அது இடுப்பில் இருந்தது. பிறகு எண்ணாக மாறி ஒரு சில்லுக்குள் புகுந்தது. இப்போது, நாம் பார்த்தேயிராத ஒரு நாட்டில், நாம் வாசிக்காமலே சம்மதம் தெரிவித்த ஓர் ஒப்பந்தத்தின்கீழ், யாரோ ஒருவரின் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கின்றது. தமது காணியும் வீடும் யாரோ ஒருவரின் பதிவேட்டில் ஒரு வரியாகிப்போனதைக் கண்ட எம்மவருக்கு, கையில் திறப்பு இருப்பதற்கும் பதிவேட்டில் பெயர் இருப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை.

நான் தொழில்நுட்பத்துக்கு விரோதியல்ல. கைப்பிடி சுழற்றிக் கை முறித்த காலத்துக்கு எவரும் திரும்பத் தேவையில்லை. புதிய வாகனம் வாங்குபவர்கள் நிறத்தையும் எரிபொருள் செலவையும் விசாரிப்பதுடன், திறப்பைப் பற்றியும் நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும் என்பதே எனது வேண்டுகோள். இணையம் இல்லாத இடத்தில் இது திறக்குமா? மின்கலம் தீர்ந்தால் என்ன வழி? தொடாமலே திறக்கும் வசதியை நான் விரும்பினால் நிறுத்திவைக்க முடியுமா? நான் இதனை விற்கும்போது முன்னைய சொந்தக்காரர்களின் தொலைபேசிகளிலுள்ள திறப்புகள் அனைத்தும் அழிக்கப்பட்டுவிட்டன என்பதற்கு என்ன உறுதி? விற்பனையாளர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. பணம் கொடுப்பவர் நீங்கள். விடை எழுத்தில் கிடைக்கும்வரை கையொப்பம் இடாதீர்கள்.